தட்டில் எடுத்த ஒற்றைப் புள்ளி

என்னைப் பற்றி உங்களுக்கு முன்னமே யாராவது சொல்லியிருப்பார்கள். கிருமி வளர்க்கும் தட்டின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு பேசினால் கத்துவாள், சீழைத் தொட்டெடுக்கும் ஸ்வாப் குச்சியில் நாயின் பெயரை எழுதாமல் கொண்டுவந்தால் கொண்டுவந்தவரையே திருப்பி அனுப்புவாள் என்று. எல்லாம் உண்மைதான். ஓய்வு பெற்றும் அந்தக் குணம் போகவில்லை. வீட்டில் குழம்புச் சட்டியைத் திறந்து வைத்தால்கூட இன்றைக்கும் கத்துகிறேன்.

சென்ற முறை உங்கள் ஆய்வகத்துக்கு வந்தபோது உங்களில் ஒருவர் கேட்டார்: "மேடம், ஒரு நாய்க்கு எத்தனை காலனி எடுக்கோணும்? ஒண்ணு போதாதுங்களா?" நான் பதில் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பீர்கள். கோபமில்லை கண்ணு. அதற்கு நின்றபடியே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளில் கோவையில் நான் வேலை பார்த்த ஆய்வகம் ஒரு கால்நடை மருத்துவமனையை ஒட்டி இருந்தது. நடுவில் ஒரு கதவு. அந்தப் பக்கம் பெரிய டாக்டர், இந்தப் பக்கம் நான். எல்லோரும் அவரைப் பெரிய டாக்டர் என்றுதான் கூப்பிடுவோம். பெயர் உங்களுக்குத் தேவையில்லை. எப்பேர்ப்பட்ட கடிநாயும் அவர் கை பட்டால் அடங்கிவிடும். நோயைப் பார்க்கும் கண்ணும் அப்படித்தான். நான் கற்றதில் பாதி அந்தக் கதவு வழியாக அவர் பேசுவதைக் கேட்டுக் கற்றதுதான்.

சீழை ஸ்வாப்பில் எடுத்துத் தட்டில் தேய்த்து வைத்தால் மறுநாள் காலையில் புள்ளி புள்ளியாக வளர்ந்திருக்கும். நீங்கள் காலனி என்கிறீர்கள், நான் புள்ளி என்றே சொல்லிப் பழகியவள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு கிருமியிலிருந்து பெருகிய குடும்பம். அதில் பக்கத்துப் புள்ளியோடு ஒட்டாமல் அழகாகத் தனியே நிற்கும் ஒன்றை எடுத்து வளர்த்து, எந்த மருந்துக்குச் சாகிறது என்று பார்த்துச் சொல்வோம். ஒரு நாய், ஒரு தட்டு, ஒரு புள்ளி. எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்களும் அப்படித்தான் செய்தார்கள். சுத்தமான ஒற்றைப் புள்ளியை எடுப்பதில் எனக்கு ஏகப்பட்ட கர்வம் இருந்தது. வெளியூரிலிருந்து யாராவது வந்தால் என் தட்டுகளைக் காட்டித்தான் பெரிய டாக்டர் பெருமையடிப்பார்.

அந்த நாட்களில்தான் கணபதியிலிருந்து சரஸ்வதி வந்தார். கணவர் பழனிச்சாமி வீட்டுக்கு முன்னாலேயே சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருந்தார். அவர்களுடைய நாய் ஜிம்மி. அல்சேஷன் கலப்பு, காது மட்டும் நம்மூர் நாயைப் போல மடங்கியிருக்கும். மகள் கவிதா பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது தெருவில் கிடந்ததைத் தூக்கி வந்து வளர்த்தது. கவிதாவை ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டிக்காரர் வீட்டில் கட்டிக்கொடுத்திருந்தார்கள்.

ஜிம்மியின் வயிற்றிலும் தொடையிலும் கொப்புளம் கொப்புளமாகச் சீழ். உடைந்து, வட்டம் வட்டமாக முடி கொட்டி, கிட்டே போனால் நாற்றம். நான் தட்டில் பார்த்தேன். ஸ்டெஃபைலோகாக்கஸ் இண்டர்மீடியஸ் என்ற கிருமி, உங்கள் புத்தகத்தில் இப்போது அதற்கு வேறு பெயர். எரித்ரோமைசினுக்குச் சாகிறது என்று சொன்னேன். பெரிய டாக்டர் மாத்திரை எழுதினார். புண் பாதி ஆறியது. பிறகு பழையபடி வெடித்தது. மருந்தைச் சில நாள் நிறுத்திவிட்டு மறுபடி ஸ்வாப் எடுத்து அனுப்பினார். மறுபடி ஒரு புள்ளி எடுத்தேன். மறுபடி எரித்ரோமைசின் கேட்கும் என்றே வந்தது. மறுபடி மாத்திரை, மறுபடி பாதி ஆறி, மறுபடி சீழ்.

இதற்குள் கவிதா முழுகாமல் இருந்தாள். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களில் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். மாசமாக இருக்கும் பெண்ணுக்கு அம்மா வீட்டார் வகைவகையாகக் கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு போய் விருந்து போட்டு, பிரசவத்துக்குத் தங்கள் வீட்டுக்கு அழைத்து வருவார்கள். அந்த நாளைப் பேசி முடிக்கக் கணபதிக்கு வந்த சம்பந்தி அம்மாள் வாசலில் ஜிம்மியைப் பார்த்திருக்கிறார். உள்ளே வந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம். "பச்சக் கொழந்த வளர்ற ஊட்டுல இந்தச் சீக்கு நாயா? இது இருக்கற வரைக்கும் எங்க மருமகள அனுப்ப மாட்டமுங்க" என்று சொல்லிவிட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது. அந்தக் கோலத்தில் பார்த்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

ஆக, கட்டுச்சோற்று நாளுக்குள் நாய் குணமாக வேண்டும். இல்லையென்றால் நாய் வீட்டை விட்டுப் போக வேண்டும். கவிதாவோ ஈரோட்டிலிருந்து போன் செய்யும்போதெல்லாம் முதலில் கேட்பது ஜிம்மியைத்தானாம். இதையெல்லாம் சரஸ்வதி மூன்றாம் முறை வந்தபோது சொன்னார். கணவரும் கூட வந்திருந்தார். நாய் அதே நிலையில்தான் இருந்தது.

பெரிய டாக்டர் கதவைத் தள்ளிக்கொண்டு என்னைப் பார்த்தார். "அம்மணி, ஒரே வார்த்தைல சொல்லு. இந்த நாய்க்கு எரித்ரோமைசின் கேக்குமா, கேக்காதா?"

"கேக்குங்க சார்" என்றேன். இரண்டு தடவை என் கையால் பார்த்தது, வேறென்ன சொல்வேன்?

அவர் சரஸ்வதியிடம் திரும்பினார். கோயமுத்தூர்க்காரர்கள் நாங்கள் குத்தினாலும் ஒரு 'ங்க' போட்டுத்தான் குத்துவோம். "தப்பா நெனச்சுக்காதீங்க. மாத்தரை ஒழுங்கா உள்ள போயிருந்தா புண்ணு இப்பிடி நிக்காதுங்க."

"குடுத்தனுங்க சார். ஒரு வேள உடலீங்க. களி உருண்டைக்குள்ள வெச்சுக் குடுத்துப்போட்டு, முழுங்குச்சான்னு வாயத் தொறந்து வெரல உட்டுப் பாப்பனுங்க."

"கன்னத்துல ஒதுக்கி வெச்சுட்டு, நீங்க அக்கட்டால போனதும் துப்பீருக்குமுங்க. நாயிக நம்மளவிட வெவரமுங்க."

சரஸ்வதி பைக்குள் கைவிட்டுக் காலி மாத்திரைப் பட்டைகளை எடுத்து மேசைமேல் வைத்தார். எல்லாவற்றையும் பத்திரப்படுத்தி வைத்திருந்தார், பாவம். பெரிய டாக்டர் அவற்றைத் தொடவில்லை. "பட்டையப் பிரிச்சது தெரியுதுங்க. முழுங்குனது எப்பிடீங்க தெரியும்?"

பழனிச்சாமி மனைவியைப் பார்த்தார். "உனக்கு எதுலதான் கவனம் இருந்துச்சு, இதுல இருக்கறதுக்கு?"

எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. ஆனாலும், என் தட்டு சொன்னதைத்தானே பெரிய டாக்டர் சொல்கிறார் என்று நின்றிருந்தேன். சரஸ்வதி காலிப் பட்டைகளை எடுத்து மறுபடி பைக்குள் போட்டார். பிறகு மெதுவாக, "ஒருவேள துப்பீருக்குமோ என்னமோங்க" என்றார். சாதித்துப் பேசிக்கொண்டிருந்தவர் அந்த நொடியில் தன்னையே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டார். அதை நான் கண்ணால் பார்த்தேன்.

அன்றும் ஸ்வாப் எடுத்தார் பெரிய டாக்டர். கோபத்தில் எடுத்ததால் வழக்கத்தைவிட அதிகமாக, வயிற்றில் ஒன்று, தொடையில் ஒன்று, அக்குளில் ஒன்று என்று எடுத்துத் தள்ளினார். மறுநாள் பழனிச்சாமி ஒரு டெம்போவில் ஜிம்மியை ஏற்றிச் சென்னிமலைப் பக்கம் மச்சான் தோட்டத்தில் கொண்டுபோய்க் கட்டிவிட்டார். இது எங்களுக்கு மருத்துவமனைக்கு வந்த இன்னொரு கணபதிக்காரர் சொல்லித்தான் தெரிந்தது.

ஸ்வாப்புகள் என் மேசையில் இருந்தன. மாத்திரைப் பட்டையை எடுத்து வைக்கும்போது சரஸ்வதியின் ஆள்காட்டி விரலில் பல் பட்ட தழும்பு தெரிந்தது. அது என்னை விடவில்லை. பொய் சொல்கிறவள் நாயின் வாய்க்குள் விரலை விட்டுக் கடி வாங்குவாளா? முதல் தடவையாக, தட்டுக்கு ஒன்று என்ற கணக்கை விட்டுவிட்டு, ஒவ்வொரு தட்டிலிருந்தும் கைக்கு வந்த புள்ளிகளையெல்லாம் எடுத்து மருந்து வைத்துப் பார்த்தேன். பார்வைக்கு எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம். அச்சில் வார்த்ததுபோல் இருந்தன.

இரண்டு நாளில் தெரிந்துவிட்டது. வயிற்றுக் கொப்புளத்துக் கிருமி எரித்ரோமைசினுக்குச் செத்தது. தொடைக் கொப்புளத்தில் பாதி சாகவில்லை. மருந்து தோய்த்த வட்டக் காகிதத்தின் விளிம்புவரை ஜம்மென்று வளர்ந்து நின்றது. அக்குளில் எல்லாமே சாகாதவை. கணபதியில் ஒரு சந்துக்குள் நுழைந்தால் வரிசையாக ஒரே மாதிரித் தகரக் கொட்டகைதான் தெரியும். உள்ளே போனால்தான் ஒன்றில் லேத், ஒன்றில் இரும்பு உருக்கும் பவுண்டரி என்று தெரியும். அந்த நாயின் தோல் அப்படி இருந்திருக்கிறது. நான் இரண்டு தடவையும் ஒரு கொட்டகைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சந்து முழுவதும் லேத் என்று எழுதியிருக்கிறேன். மாத்திரை போனபோதெல்லாம் சாதுக் கிருமிகள் செத்தன, அதனால் பாதி ஆறியது. முரட்டுக் கிருமிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. செஃபலெக்சின் என்ற மருந்தை வைத்துப் பார்த்தேன். எல்லாம் செத்தன. வேறு ஒரு மாத்திரை, அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

ஓட்டமாகப் போய்ப் பெரிய டாக்டரிடம் சொன்னேன். "சார், இன்னிக்கே அவங்களுக்குச் சொல்லி அனுப்பலாங்க. நாய் தோட்டத்துலதான இருக்குது."

அவர் தட்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அவசரப்படாத அம்மணி. ரெண்டு தடவ ஒண்ணச் சொல்லீட்டு மூணாந்தடவ மாத்திச் சொன்னா நம்மள எவன் நம்புவான்? இது வெளிய இருந்து உன்ற தட்டுல வந்து உழுந்த கிருமியாக்கூட இருக்கலாமல்லோ?"

என் தட்டில் வெளியிலிருந்து வந்து விழுந்ததா! எனக்கு உச்சந்தலைவரை ஏறிவிட்டது. "என்ற தட்டுலயா? நிரூபிச்சுக் காட்டறனுங்க சார்" என்றேன். அப்போது வேறொரு ஊரில் ஒரு பெரிய ஆய்வகத்தில் கிருமியின் மரபணுவைத் துண்டாக்கி, ஜெல் என்ற கூழில் ஓட்டிக் கோடுகளாகப் பிரித்துப் பார்க்கும் வேலையைப் புதிதாகத் தொடங்கியிருந்தார்கள். அங்கே என்னோடு படித்தவள் ஒருத்தி இருந்தாள். வெளியிலிருந்து விழுந்த குப்பையா, நாயின் தோலிலேயே குடியிருந்த கிருமிகளா என்று அவள் பார்த்துச் சொல்லட்டும் என்று புள்ளிகளையெல்லாம் பொட்டலம் கட்டி அனுப்பினேன். மூன்று தடவையும் நாயிடமிருந்து வந்தவை ஒரே கிருமிகளா என்று பார்க்க, பழைய இரண்டு தடவையும் நான் சேமித்து வைத்திருந்தவற்றையும் சேர்த்து அனுப்பினேன்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும் பிள்ளைகளா. பெரிய டாக்டர் சொன்னது அறிவியலுக்குச் சரி. நான் நிரூபிக்கப் போனதும் அறிவியலுக்குச் சரி. சோதித்துப் பார்க்காமல் சொல்லக் கூடாது என்று இன்றைக்கும் உங்களுக்குச் சொல்கிறேன். ஆனால் செஃபலெக்சின் கேட்கும் என்று தெரிய ஜெல் வேண்டியதில்லை. என் தட்டே சொல்லிவிட்டது. "எங்களுக்குச் சந்தேகமாக இருக்கிறது, இந்த மாத்திரையைக் கொடுத்துப் பாருங்கள்" என்று ஒரு வரி சொல்ல எந்த நிரூபணமும் தேவையில்லை. தோட்டத்தில் ஒரு நாய் கட்டிக் கிடந்தது. நான் என் தட்டின் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

பதில் வர மாசக்கணக்கில் ஆனது. அவர்கள் வேலை அப்படி, ஒவ்வொரு ஜெல்லும் ஓடி முடிய நேரம் எடுக்கும். தீபாவளி கழிந்து கார்த்திகையில் படங்கள் வந்தன. கோடு கோடாக, சென்னிமலைப் போர்வையின் கரையைப் போல. பழைய புள்ளிகள் இரண்டும், இந்தத் தடவை எரித்ரோமைசினுக்குச் செத்தவையும் ஒரு மாதிரி. தொடையிலும் அக்குளிலும் சாகாமல் நின்றவை வேறு இரண்டு விதம். மூன்று விதமான கிருமிகள் ஒரே நாயின் தோலில் குடித்தனம் நடத்தியிருக்கின்றன. மூன்றுமே நாய்த்தோலில் வாழும் இனம்தான், வெளியிலிருந்து விழுந்த குப்பை இல்லை என்று தோழி எழுதியிருந்தாள். நான் படங்களைத் தூக்கிக்கொண்டு கதவைத் திறந்து ஓடினேன்.

பெரிய டாக்டர் வெகுநேரம் பார்த்தார். "உன்ற தட்டு சுத்தம்தான் அம்மணி" என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். அன்று முழுவதும் பார்க்கிறவர்களுக்கெல்லாம் படத்தைக் காட்டினேன். பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போதுதான் ஜிம்மி ஞாபகம் வந்தது.

மறுநாள் பெரிய டாக்டரிடம், கணபதிக்குப் போய்ச் சொல்ல வேண்டும் என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டே பேசினார். "போயி என்னன்னு சொல்லுவ? சும்மாவே நாயத் துரத்திப்போட்டீங்கன்னா? அந்தம்மா மனசு தேறியிருக்கும். அதைப் போயி எதுக்குக் கெளறோணும்?" அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. "நாய் இருந்தா மருந்து குடுக்கலாமல்லங்க சார்" என்றேன். அவர் மருந்து அலமாரியைத் திறந்து செஃபலெக்சின் எடுத்து, முழுக்கோர்சுக்கும் எண்ணி என் கையில் வைத்தார். தான் வருகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கணபதிக்குப் போனேன். பட்டறை பூட்டியிருந்தது. சரஸ்வதி வாசலில் குழந்தைத் துணிகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். "வாங்க வாங்க டாக்டரம்மா, என்னுங்க இவ்வளவு தூரம்?" என்று உள்ளே கூட்டிப் போனார். கவிதா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெண் குழந்தை. டாக்டரம்மா என்று கேட்டதுமே நான் யாரென்று புரிந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மாவும் மகளும் ஒரே அறையில் இருந்தும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவில்லை என்பதைக் கொஞ்ச நேரத்தில் கண்டுகொண்டேன்.

காப்பி வந்தது. பையில் மாத்திரை கனத்தது. "ஜிம்மி எப்பிடீங்க இருக்குது?" என்று கேட்டேன்.

சரஸ்வதி டம்ளரைக் கீழே வைத்தார். "போயிருச்சுங்க. கட்டுன எடத்துலயே சோறுதண்ணி எறங்காம, ஒடம்பெல்லாம் புண்ணு பரவி. ஐப்பசியே போயிருச்சுன்னு எங்க அண்ணன் போன் பண்ணிச் சொன்னாருங்க."

ஐப்பசி. என் தட்டு பேசியது ஆவணியில்.

கவிதா குழந்தையைப் பார்த்தபடியே சொன்னாள்: "மாத்தரைய ஒழுங்காக் குடுத்திருந்தா என்ற ஜிம்மி இருந்திருக்குமல்லோ. இவங்களுக்குக் கவனமில்ல."

சரஸ்வதி மறுக்கவில்லை. "ஆமாங்க, என்ற மேலதான் தப்பு" என்று எனக்கு விளக்கம் சொல்வதுபோல் சொன்னார். அதைக் கேட்ட பிறகு பெரிய டாக்டர் சொன்ன நியாயம் எதுவும் என் மண்டையில் நிற்கவில்லை.

சொன்னேன். கிருமி ஒன்றல்ல, மூன்று என்றேன். நான் பார்த்தது ஒன்றைத்தான் என்றேன். மற்ற இரண்டும் அந்த மாத்திரைக்குச் சாகிற ஜாதியே இல்லை, வண்டி வண்டியாகக் கொடுத்திருந்தாலும் புண் ஆறியிருக்காது என்றேன். வேறு மாத்திரை இருந்தது என்பதையும் சொன்னேன். அது எங்களுக்கு ஆவணியிலேயே தெரியும் என்பதையும் சொன்னேன். என்னைத் திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சரஸ்வதி திட்டவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப, நான் ஒழுங்காத்தான் குடுத்திருக்கறனுங்களா?"

"ஒழுங்காத்தானுங்க குடுத்தீங்க."

"துப்பலீங்களா?"

"துப்பலீங்க."

அவர் அப்படியே சுவரில் சாய்ந்தார். "இத்தன நாளும் நான் அழுகலீங்க டாக்டரம்மா. நாமளே கொன்னுபோட்டு நாமளே அழுதா நல்லாருக்குமான்னு இருந்துபோட்டேன்." அதைச் சொல்லி முடிப்பதற்குள் உடைந்துவிட்டார். ஜிம்மி, ஜிம்மி என்று வாய்விட்டுக் கூப்பிட்டு அழுதார். பக்கத்து வீட்டில் யாரோ என்னவென்று எட்டிப் பார்த்தார்கள்.

உங்களிடம் இன்றைக்கு மரபணு முழுவதையும் எழுத்தெழுத்தாகப் படிக்கிற இயந்திரம் இருக்கிறது. அதற்குள் எதைப் போடுவது என்பதை இன்னமும் நீங்கள்தான் கையால் எடுக்கிறீர்கள். ஒரு கொப்புளத்தோடு நிறுத்தாதீர்கள், ஒரு புள்ளியோடு நிறுத்தாதீர்கள். உங்கள் தட்டு ஒன்றும், வந்தவர் வேறொன்றும் சொன்னால், வந்தவரைக் குற்றம் சொல்லும் முன் இன்னொரு தடவை தட்டுக்குப் போங்கள். தவறு தெரிந்தால் அன்றைக்கே போய்ச் சொல்லுங்கள். அரைகுறையாகத் தெரிந்தாலும் அரைகுறை என்றே சொல்லுங்கள். எத்தனை காலனி என்று கேட்ட பிள்ளைக்கு என் பதில் இவ்வளவுதான்.

கணபதியில் அன்று நடந்ததில் ஒன்று மீதி இருக்கிறது. அம்மா அழுவதைப் பார்த்துக்கொண்டே இருந்த கவிதா எழுந்தாள். குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் சேர்ந்து அந்த நாய்க்காக அழுதார்கள். நான் குழந்தையை வைத்துக்கொண்டு நின்றேன்.